அசனக் குழம்பில் பதினாறு துறைமுகங்கள்

அக்கா, மூக்கைப் பொத்துவதென்றால் நல்லாவே பொத்திக்கோங்க. முகம் துடைக்கிற மாதிரி முந்தானையை மூக்குப் பக்கம் கொண்டுபோறீங்க, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குக் கோபம் வராது. மிளகாய் மில்லில் நாலு மாசம் கிடந்த உடம்பு இது. காலையில் ரெண்டு தடவை தலைக்குக் குளித்தேன், போகவில்லை. பின் சீட்டில் ஒருத்தர் தும்முகிறாரே, அதுவும் என்னால்தான்.

தூத்துக்குடியா? நானும் அங்கேதான். இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் எனக்கு ஒரு நியாயம் தெரியணும். ஊருக்குள் யாரிடமும் கேட்க முடியாது. எல்லாரும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்கள்.

என் பேர் ஜெமிலா. கிருபைவிளை. ஸ்டாப்புக்கு எதிரே ‘ஜெயசீலி மில்’ என்று போர்டு பார்த்திருப்பீங்களே, அந்த ஜெயசீலி எங்க அம்மா. அப்பா போனபிறகு மில் அம்மா கையில். நான் பதினொண்ணாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பெயிலாகவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர், “வேதியியல் செய்முறை எல்லாம் ஒழுங்கா நடக்குதா?” என்று கேட்டார். வகுப்பே “நடக்குது சார்” என்றது. நான் எழுந்து, லேப் சாவி தொலைந்து ஒண்ணரை வருஷம் ஆகிறது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் குடுவைக்குள் பல்லி குடும்பம் நடத்துகிறது என்றேன். கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து வேதியியல் மிஸ் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏ அரிச்சந்திரி, கரும்பலகையைத் துடை.” “அரிச்சந்திரி வந்துட்டாளா?” ஆறு மாசம் பார்த்தேன். ஒரு நாள் இன்டர்வெல்லில் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மில் எனக்குப் பிடிக்கும். மிஷினுக்கு யாரையும் தாஜா பண்ணத் தெரியாது. மல்லியைப் போட்டால் மல்லிதான் வரும்.

இதைப் பொறுக்காதவர் ஞானதுரைப் பெரியப்பா. அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். மதுரைக்காரர், எங்க ஊர்ப் பக்கம் வருஷத்துக்கு ஒரு நாள் வந்தால் அதிகம். போன மாசம் வந்து உட்கார்ந்து, “தூத்துக்குடியில ஹாஸ்டலோட ஒரு டுடோரியல் இருக்கு. பீஸ் நான் கட்டுறேன். பொம்பளப் பிள்ளை வாழ்நாள் பூரா தும்மிக்கிட்டே இருக்கணுமா?” என்றார். நான் “மாட்டேன்” என்றேன். அவர் “உன்னைக் கேக்கல” என்றார். இப்படியே இரண்டு டம்ளர் காப்பி நேரம் ஓடியது. அம்மா அதுவரை வாயே திறக்காமல் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“சரி அத்தான். அடுத்த மாசம் எங்க கோயில் அசனம். பொடி நம்ம மில்லுலதான். இவளே அரைக்கட்டும். சாப்பிட்டவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் குறை சொன்னாலும் மறுநாளே இவள பஸ் ஏத்திருதேன். ஒருத்தரும் சொல்லலைன்னா இவ மில்லுலயே இருக்கட்டும். பெறகு நீங்க இந்தப் பேச்சை எடுக்கப்படாது.”

“எத்தனை பேர் சாப்பிடுவாங்க?”

“ரெண்டாயிரம் பேரு.”

“ரெண்டாயிரத்துல ஒருத்தன்கூடவா குறை சொல்லமாட்டான்!” பெரியப்பா மகிழ்ந்துபோய் அங்கேயே சம்மதித்துவிட்டார். அம்மா திரும்பவும் சல்லடையை எடுத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். எனக்கு ஆத்திரம். பெற்ற பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டுச் சிரிக்கிறாளே என்று.

அசனம் தெரியுமாக்கா உங்களுக்கு? கோயில் பண்டிகை முடிந்து ஊரே அரிசி, ஆடு, தேங்காய் என்று கொடுத்து, ஒரே பந்தலில் ஆக்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடுவது. கோயில் என்றால் சர்ச். கிறிஸ்தவங்க, இந்துக்கள், சைக்கிளில் வழியோடு போகிறவர், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆண்டவருக்குக் கொடுத்த சாப்பாடு என்பதால் அதை ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள். ஒரு வருஷம் சோறு குழைந்து களியாகிவிட்டது. “பல்லில்லாதவங்களையும் நினைச்சுச் செஞ்சிருக்காங்க” என்று பாராட்டினார்கள். இன்னொரு வருஷம் ரசத்தில் உப்பே இல்லை. “பிரஷர்காரங்களுக்கு எவ்வளவு நல்லது!” எனக்கு இதெல்லாம் சுத்தப் பொய்யாகப் படும். ஆனால் அது வேறு விஷயம்.

இனிமேல்தான் லில்லிபாய் சித்தி வருகிறாள். பக்கத்து வீடு. சொந்தம் இல்லை, சும்மா சித்தி. அவள் வீட்டுக்காரர் வேதமணி சித்தப்பா இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போன வருஷம் வேலையை முடித்துக்கொண்டு இரண்டு இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். சித்தி சென்ட், பிஸ்கட், வாட்ச் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். திறந்தால் டின். பதினேழு டின். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் ஒரு ஊர்ப் பேர். மொம்பாசா, இஸ்மிர், வெராக்ரூஸ், ஷாங்காய், மார்செய். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை, எந்தத் துறைமுகத்தில் வாங்கினார் என்றுதான். எல்லாம் மசாலாச் சாமான்.

அதோடு விட்டாரா? சமையலறையையும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை இஸ்மிர், செவ்வாய்க்கிழமை மொம்பாசா. சித்தி மில்லுக்கு வந்து அழுவாள்.

“ஏட்டி ஜெமி, நேத்து மீன்ல சோப்பு போட்டுட்டாருட்டி.”

“சோப்பா?”

“பூவாம். மார்செய்ப் பூவாம். சாப்பிட்டா குளிச்ச மாதிரி இருக்கு. முந்தாநேத்து சீனாக்காரன் மிளகு. தின்னபெறகு வாய் இருக்கா இல்லையான்னு கண்ணாடியில போய்ப் பாத்தேன். புளி இருக்கையில புளிக்குப் பதிலா ஒரு செவப்புப் பொடி. என் வீட்டுல நான் ஒரு புளிக்குழம்பு வச்சுத் தின்ன முடியலையே.”

“நல்லாயில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே சித்தி?”

“எப்படிட்டி சொல்ல? இருபத்தாறு வருசங்கழிச்சு மனுசன் வீட்டுல இருக்காரு.”

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. 

அசனத்துக்கு நாலு நாள் முன்னால் சித்தப்பா கண் ஆபரேஷனுக்குத் தங்கச்சி வீட்டுக்குச் சென்னை போனார். சனிக்கிழமை காலை சித்தி ஆட்டோவில் இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மில்லுக்கு வந்துவிட்டாள். கூடவே வறுத்த மிளகாயும் மல்லியும்.

“எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அரைச்சிரு.”

“எல்லாத்தையுமா? சித்தப்பா கேட்டா?”

“குழம்புப்பொடி ஆக்கிட்டேம்பேன். கொட்டுனா பாவம்ட்டி, சாப்பாட்டுச் சாமான். அரைச்சிட்டா பெறகு எது எந்த ஊருன்னு அவரு எப்படிப் பிரிப்பாரு? மொளகாயும் மல்லியும் சேத்துட்டா எல்லாம் நம்ம ஊருதான்.”

அரைத்தேன். இருபது கிலோ. அந்த வாசனையை எப்படிச் சொல்ல? லாண்டரி தீப்பிடித்து, அதை எலுமிச்சம்பழச் சாறு ஊற்றி அணைத்த மாதிரி. எதிர்க்கடை டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு, “ஏ பிள்ள, அங்க என்னத்த அரைக்க, ஆளையா?” என்று கத்தினார்.

அன்றைக்கேதான் அசனத்துக்கும் பொடி. நாற்பத்தைந்து கிலோ. மிஷினிலிருந்து வருகிற பொடி சூடாக இருக்கும், அப்படியே கட்டினால் கறுத்துவிடும். அதனால் வேட்டியை விரித்து அதில் ஆறப்போடுவோம். ஒரு வேட்டியில் அசனப் பொடி, பக்கத்து வேட்டியில் சித்தி பொடி. மிளகாய் சேர்ந்ததால் இரண்டும் ஒரே நிறம். கோயில் பெண்கள் சங்கத்திலிருந்து ஐந்து பேர் லோடு ஆட்டோவில் அவசரமாக வந்தார்கள். “பொடி எங்க பிள்ள?” என் இரண்டு கையிலும் கோதுமைச் சாக்கு. தாடையால் காட்டினேன். ஐந்து பேரும் குனிந்து அள்ளினார்கள். நான் கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு வேட்டியும் காலி. சித்தியும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போல என்று நினைத்தேன். தப்புதான். நான் மறைக்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் சித்தி வந்தாள்.

“என் பொடியக் குடுட்டி.”

“நீங்கதான் நேத்தே எடுத்துட்டீங்களே?”

“நான் எங்க எடுத்தேன்? நேத்து அவரைக் கூப்பிட ஸ்டேஷனுக்கில்லா போயிருந்தேன்!”

ரெண்டு பேரும் சுவரில் மடித்துத் தொங்கிய ரெண்டு வேட்டியையும் பார்த்தோம். பிறகு ஓடினோம்.

பந்தலில் ஆறு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு. தலைமைச் சமையல் மோசே அண்ணாச்சி துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, ருசி பாத்தீங்களா?”

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போலப் பார்த்தார். “ஐயர் ஜெபம் பண்ணாம அசனக் குழம்பை நாக்குல வைப்பனா? முப்பது வருசமா மணத்துலதான் உப்பே பாக்கேன்.” எங்க பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

“சரி, மணம் எப்படி இருக்கு?”

அண்டாமேல் குனிந்து கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. “சுத்தமா இருக்கு,” என்றார். “தொவைச்சு வச்ச வேட்டி மாதிரி.”

சித்தி என் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போனாள். “வாயத் தொறந்த, ஒனக்கு டுடோரியல், எனக்கு டைவர்ஸ். தெரிஞ்சுக்கோ.”

வாயை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் பதினேழு வயசில் அதுதான் முதல் தடவை. வாந்தியை அடக்குகிற மாதிரி இருந்தது. ஆனால் மில் வேண்டுமே எனக்கு.

ஐயர் ஜெபம் பண்ணினார். பந்தி உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன், என்ன ஆனாலும் பசி பசிதானே. முதல் வாயில் சோப்பு. பிள்ளைகள் எல்லாம் கையை மோந்து பார்த்தார்கள். இரண்டாவது வாயில் புகை. அது வெராக்ரூஸ் மிளகாய். அப்புறம் எங்கிருந்தோ ஒரு புளிப்பு. ஐந்து நிமிஷம் கழித்து ஷாங்காய் வந்தது. உதடு போய்விட்டது, அக்கா. பந்தி பந்தியாக உதடு போய்விட்டது. தண்ணீர் குடித்தவர்களுக்கு வாயின் ஓரத்தில் வழிந்தது, வழிவதே தெரியவில்லை. பொன்னையாத் தாத்தாவின் கட்டுப்பல் கழன்று இலையில் விழுந்தது. பரிமாறுகிறவர் அதன்மேலேயே சோறு வைத்தார். ஒருத்தர், ஒருத்தராவது முகம் சுளிக்கணுமே! “இந்த வருசம் ஒரு தனி ருசி.” “நாக்கே மரத்துப்போற அளவுக்கு நல்லா இருக்கு.” “வாய்க்கு ஓய்வு குடுக்குத சாப்பாடு.” மறைப்பதற்கு அதிகமாக இருந்ததால் புகழ்ச்சியும் அந்த வருஷம்தான் அதிகம். எனக்குக் காது எரிந்தது.

வேதமணி சித்தப்பா என் எதிர்வரிசையில். ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார். இன்னொரு வாய். “வெராக்ரூஸ்,” என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. மூணாவது வாய். “இஸ்மிர்.” அப்புறம் இடது கை விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே சாப்பிட்டார். சித்தி பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

“லில்லி.”

“என்னங்க?”

“பதினாறுதான் வருது. சிங்கப்பூர் எங்க?”

சித்தி செம்பைக் கீழே வைத்தாள். “அது பிரியாணிக்கு ஆகும்னு எடுத்து வச்சிருக்கேன்.”

இன்றைக்கு இவளை இலையோடு சேர்த்து மடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர், “இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தச் சொல்லு,” என்றார். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் அத்தனை தடவை சொல்லியிருந்தாராம். சித்தி முந்தானையால் துடைத்துவிட்டாள். பெரிய ஆட்களுக்கே ஒரு பொறுப்பு இல்லை.

கடைசியில் ஐயர் நன்றி ஜெபம் செய்ய மைக் முன்னால் வந்தார். ‘பரம பிதாவே’ என்று ஆரம்பிக்க உதடு ஒட்டணும் இல்லையா? ஒட்டவில்லை. மூணு தடவை முயன்று பார்த்துவிட்டு ‘ஆண்டவரே’ என்று மாற்றிக்கொண்டார். ஜெபம் முடிந்தபிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். இந்த வருஷம் குழம்பு இத்தனை சிறப்பாக அமையக் காரணமான பொடியை அரைத்த ஜெயசீலி மகள் ஜெமிலா மேடைக்கு வரவும், சால்வை போடணும் என்றார்.

பேசாமல் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். தெரியும். அம்மா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் மைக்கை நீட்டி, “ரெண்டு வார்த்தை சொல்லும்மா,” என்றார்களே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன், அக்கா. அந்த ஆபீசர் கேட்டபோது மட்டும் என்ன செய்தேன்?

“இந்தக் குழம்பு நல்லாயில்லை,” என்றேன். “சோப்பு வாடை அடிக்கி. வாய் செத்துப்போச்சு. உங்க எல்லாருக்கும் அது தெரியும். ரெண்டு பொடி கலந்துபோச்சு, நான்தான் சரியா எடுத்துக் குடுக்கல, தப்பு என்னுது. சாப்பிட்டவங்கள்ல ஒருத்தியா நான் குறை சொல்லுதேன்.”

சித்தி பேரைச் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

பந்தலுக்கு வெளியே ஒரு ஆடு கத்தியது, எப்படியோ தப்பித்த ஆடு. அப்புறம் மோசே அண்ணாச்சி அண்டாப் பக்கமிருந்து தழுதழுத்த குரலில், “என்ன ஒரு தாழ்மை!” என்றார். அவ்வளவுதான். கைதட்டல். பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். “இத்தனை செஞ்சிட்டு, தான் செய்யலங்காளே.” “ஜெயசீலி வளர்ப்பு.” நான் “நெசமாவே நல்லாயில்லைங்க!” என்று கத்தினேன். ஐயர் இன்னொரு சால்வையை எடுத்துப் போர்த்தினார். ரெண்டு சால்வை. அந்த வெயிலில். அடுத்த வருஷமும் ஜெயசீலி மில் பொடிதான் என்று அங்கேயே அறிவித்தார்கள். மிச்சக் குழம்பை வாங்கத் தூக்குச்சட்டியோடு வரிசை.

சாயங்காலம் அம்மா மதுரைக்குப் போன் போட்டாள். “ஒரு குறையும் வரல அத்தான்.”

போனைப் பிடுங்கினேன். “வந்துச்சு பெரியப்பா. ஒண்ணு வந்துச்சு.”

“யாரு சொன்னா?”

“நான்.”

“நீ சொன்னா சேர்த்தி இல்லம்மா,” என்றார். “போ, மில்லுலயே இரு.” அவரே விட்டுவிட்டார், அக்கா!

அம்மா சொன்னாள், “ஏட்டி, அரைச்சவளே சொன்னா அதுக்குப் பேரு குறையாட்டி? விடு.”

“சாப்பிட்டவங்கள்ல ஒருத்தர்னுதானே சொன்ன? நான் சாப்பிட்டேன். ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.”

“ஊரே தாழ்மைன்னு சொல்லுது. ஒனக்கு மட்டும் என்ன?”

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்க. நான் சொன்னது குறை இல்லை, தாழ்மை என்றால், நல்ல குழம்பை நல்லாயில்லை என்று ரெண்டாயிரம் பேர் முன்னால் மைக்கில் பொய் சொல்லியிருக்கிறேன் என்று ஆகிறது. நான் சொன்னது பொய்யில்லை என்றால் அது குறை. குறை வந்தால் பஸ் ஏறணும் என்று பேச்சு. நான் பஸ் ஏறாமல் மில்லில் போய் உட்கார்ந்தால் நானே அந்தக் குழம்பை நல்லாயிருந்தது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? வேறு வழி இருந்தால் சொல்லுங்க. இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

என்னக்கா சிரிக்கிறீங்க?

துணியை நான்தான் எடுத்து வைத்தேன். அம்மா ஒரு கை கொடுக்கவில்லை. ரெண்டு சால்வையும் ஹாஸ்டலில் போர்வைக்கு ஆகும். வேதியியல் புத்தகமும் எடுத்துவைத்திருக்கிறேன், பிரித்துப் பார்த்தேன், ஒரு இழவும் நினைவில்லை. எனக்குப் போகவே பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா காலையிலிருந்து பேசவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாறேன்,” என்றேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் மிஷினைப் போட்டுவிட்டாள். என்னை ஏற்றிவிட ஸ்டாப் வரைக்கும்கூட வரவில்லை. ரோட்டைக் கடந்தால் ஸ்டாப்!

அதுகூடப் பரவாயில்லை. பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, அக்கா. உள்ளே ஒரு மணி மல்லிகூட இல்லை. எனக்குச் சத்தத்திலேயே தெரியும். கடையில் ஆளும் இல்லை. காலி மிஷினை ஓட்டினால் கல்லோடு கல் உரசித் தேய்ந்துபோகும், இது அவளுக்குத் தெரியாதா? அவ்வளவு பெரிய சத்தத்தைப் போட்டுவிட்டு உள்ளே என்னதான் செய்துகொண்டிருந்தாளோ. இறங்கினதும் முதல் வேலையாகப் போன் போட்டு அவளைச் சத்தம் போடணும். இனிமேல் அந்த மில்லை ஒற்றை ஆளாகப் பார்க்கவேண்டியவள், கொஞ்சமாவது யோசனை வேண்டாமா?